யப்பானிய முரசும் மாதோட்டத்து மத்தளமும்

ஒரேயொரு நாட்டுப் பாடலுக்காக நாடு தழுவிய போட்டி நடத்தும் மக்கள் உலகில் உளர் என்றால் நம்மிற் பலர் வியப்படைவர். யப்பானின் வடபாலுள்ள ஹொக்கைடோத் தீவிலே எசாஷி என்றொரு துறைமுகப் பட்டினம் உண்டு. அவ்வூரின் பெயரால் வழங்கும் 'எசாஷி ஒய்வாகே' என்னும் பாடலுக்கென 1963ஆம் ஆண்டு தொடக்கம் அங்கே தேசியப் போட்டி நடைபெற்று வருகின்றது. போட்டிக்கு வருவோர் அனைவரும் பாடுவது அந்த ஒரு பாட்டையே. அது ஏழு அடிகளாக, அடிக்கு ஒரு மூச்சாக நீண்டு செல்வது; இசைக்கருவியென்று பெரிதாக ஒன்றுமில்லை; ஒரு மூங்கிற் குழல் மாத்திரம் குரலைத் தொடர்ந்து வரும்.

அப்பாட்டு அரசவையிற் பிறந்ததன்று. மலைநாட்டுப் பாதைகளிலே பொதி குதிரை ஓட்டியவர்கள் களைப்புத் தீரப் பாடியது. வணிகக் கப்பல்களில் ஏறி வடக்கே சென்று, கடலோடிகளின் வாயில் அலையோசை கலந்து, இன்றைய வடிவத்தைப் பெற்றது. குதிரைக்காரன் பாட்டைக் கப்பற்காரன் கற்றான். இன்று கந்தோர் உத்தியோகத்தனும் பாடசாலைச் சிறுமியும் கற்கிறார்கள். பொதி குதிரையும் பாய்க்கப்பலும் போய்விட்டன, பாட்டுப் போகவில்லை.

நெல்லும் கடலும் கூத்தும் ஒருங்கே அமைந்த மன்னார்ப் பெருநிலத்தில், உயிலங்குளத்தில் இருந்துகொண்டு இச்செய்தியைச் சிந்திக்கும்போது, நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று எழுகின்றது. நம் பாட்டும் மத்தளமும் ஆட்டமும் நம் பிள்ளைகளின் காலத்திலும் நிலைத்திருக்குமா? அதற்கு விடைதேட, முதலில் யப்பானியர் தம் கலையை எவ்வாறு கற்கின்றனர் என்பதைச் சற்று நோக்குவோம்.

வாயாற் கற்கும் தாளம்

யப்பானிய முரசைத் 'தைக்கோ' என்பர். உறுதியான மரத்தின் அடித்தண்டைக் குடைந்து, இருபுறமும் மாட்டுத்தோல் போர்த்து, தோலின் விளிம்பை ஆணிகளால் அறைந்து பொருத்துவது ஒருவகை. கயிற்றால் இறுக்கிக் கட்டுவது மற்றொரு வகை. கோயில் விழாவிலும், நோ, கபுகி என்னும் பழைய நாடகங்களிலும், இறந்த முன்னோரை நினைந்து கோடைகாலத்தில் ஊர்மக்கள் வட்டமாக நின்றாடும் 'போன்' ஆட்டத்திலும் அம்முரசு நெடுங்காலமாக முழங்கி வருகின்றது.

அதைக் கற்பிக்கும் முறை நமக்குப் புதியதன்று. மாணவன் கையிற் கோலைக் கொடுக்குமுன் ஆசிரியர் அவன் வாயிற் சொல்லைக் கொடுக்கிறார். தோலின் நடுவில் ஓங்கி அடிப்பது 'டொன்'; விரைந்து இரண்டடி அடிப்பது 'டொகோ'; மெல்லத் தட்டுவது 'சு'; விளிம்பில் அடிப்பது 'கா'. இவ்வாறு வாயாற் சொல்லிப் பழகுவதற்குக் 'குச்சி ஷோகா' என்று பெயர். சொல் நாவில் நின்றபின்னரே அடி கையில் இறங்கும். நம் மத்தளக்காரர் 'தகதிமி' என்றும் 'தாம் தெய்' என்றும் சொற்கட்டுச் சொல்லிக் கொடுப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மொழியளவில் மாத்திரமே.

இன்னுமொரு செய்தி நம் சிந்தனைக்குரியது. பல அளவு முரசுகளைச் சேர்த்துப் பலர் கூடி மேடையில் முழக்கும் தைக்கோக் குழுக்களை இன்று உலகமெங்கும் காண்கிறோம். அம்முறை தொன்மையானதென்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது 1951ஆம் ஆண்டளவில் நகானோ மாகாணத்தில் டைஹாச்சி ஒகுச்சி என்பவர் வகுத்தது. அவர் மேல்நாட்டு ஜாஸ் இசைக்குழுவில் முழவு வாசித்தவர். சுவா ஆலயத்துப் பழைய முரசுக் குறிப்பு ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதை வாசிக்க முயன்றபோது, பெரிதும் சிறிதுமான முரசுகளைப் பிரித்துக் கொடுத்துப் பலர் சேர்ந்து வாசித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. பழைய அடிகளே புதிய அமைப்பில் ஒலித்தன. 1964ஆம் ஆண்டு தோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டு நடந்த காலத்தில் அம்முழக்கத்தை வெளிநாட்டாரும் கேட்டனர். ஆகவே, மரபு என்பது பெட்டியிற் பூட்டிவைக்கும் பொருளன்று. அடிப்படை பிசகாமற் கற்றவன் கையிலே அது புதிதாகத் தளிர்க்கும்.

சாடோ என்னுந் தீவிலே 'கொடோ' என்றொரு புகழ்பெற்ற முரசுக் குழு 1981ஆம் ஆண்டு தொடக்கம் இயங்கி வருகின்றது. அதிற் சேர விரும்பும் இளைஞர் இரண்டாண்டுகள் ஒரு பழைய பாடசாலைக் கட்டடத்தில் கூடி வாழ்கின்றனர். முரசடியோடு பாட்டும் ஆட்டமும் பயில்கின்றனர், சமைக்கின்றனர், நிலத்தில் இறங்கிப் பயிரும் இடுகின்றனர். வயலை அறியாதவனுக்கு வயற்பாட்டு வசப்படாது என்பது அவர்கள் கொள்கை போலும்!

பாடசாலைக்குள் வந்த மீனவர் பாட்டு

ஹொக்கைடோவின் மற்றொரு பாடல் 'சோரன் புஷி' என்பது. நம் கடலிற் படும் சாளைக்கு இனமான ஹெரிங் என்னும் மீன் அங்கே ஒருகாலம் கணக்கின்றிப் பட்டது. பெருவலையிற் சிக்கிய மீனை அள்ளித் தோணியிற் கொட்டும்போது மீனவர் பாடியது அப்பாட்டு. 1950களின் நடுப்பகுதியில் அக்கரையில் அம்மீன் அற்றுப்போயிற்று. தொழில் நின்றால் தொழிற்பாட்டும் நிற்பதுதான் உலக வழக்கம். ஆனால் அங்கே அவ்வாறு நிகழவில்லை.

வக்கனாய் என்னும் வடகோடிப் பட்டினத்துப் பாடசாலை ஒன்று, மாணவர் ஒழுங்கீனத்தால் ஆசிரியரும் பெற்றோரும் மனம் நொந்திருந்த பாடசாலை. அங்கே அந்த மீனவர் பாட்டைப் புதிய வேகத்தோடு அமைத்து, தண்டு வலிப்பது போலவும் வலை இழுப்பது போலவும் உடலைத் தாழ்த்தி ஆடும் ஆட்டமாக்கி, மாணவர்க்குப் பயிற்றினர். 1990களின் தொடக்கத்தில் அவ்வாட்டம் தேசிய மேடை ஏறியது; பின்னர் நாடெங்குமுள்ள பாடசாலைகளின் விளையாட்டு விழாக்களிற் பரவியது. மீனையே கண்டறியாத நகரத்துப் பிள்ளைகளும் இன்று அந்த மீனவரின் உழைப்பைத் தம் தோளால் அறிகின்றனர்.

யப்பானிய அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 1950ஆம் ஆண்டிலேயே பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. கட்டடங்களையும் சிற்பங்களையும் மாத்திரமன்றி, கைக்கும் குரலுக்கும் உரிய கலைகளையும் அச்சட்டம் செல்வமெனக் கொண்டது. 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் நாட்டார் ஆட்டபாட்டங்களும் அதன் காப்புக்குள் வந்தன. ஆயினும் சட்டம் முரசு அடிக்காது. அடிப்பதற்குப் பிள்ளை வேண்டும். பிள்ளையை அனுப்பத் தாய் தந்தையர் வேண்டும். யப்பானில் இம்மூன்றும் ஓரளவு ஒன்று கூடின என்பதே கருத்து.

நம் கூத்துச் செல்வம்

இனி நம் பக்கம் திரும்புவோம். மன்னார் மாவட்டத்திலே பாடல்பெற்ற தலமாகிய திருக்கேதீச்சரமும் மடுமாதா ஆலயமும் உள்ளன. கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் மாதோட்டத்து வயல்களை உழுபவருள் இரு சமயத்தவரும் உளர். இங்கே கத்தோலிக்க மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வளர்த்த நாட்டுக்கூத்து, தமிழ் நாடக வரலாற்றில் ஒரு தனி அதிகாரம்.

கதைகள் மேல்நாட்டுக் கதைகள். வடிவம் முற்றிலும் தமிழ் வடிவம். பாலன் இயேசுவைக் காணவந்த அரசர் மூவரின் கதை 'மூவிராசாக்கள் நாடகம்' ஆயிற்று. 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' என்ற பெயரிலே போர்த்துக்கேய மொழி தமிழுடை உடுத்து நிற்கின்றது. 'எம்பரதோர்' என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் உருவம். மாற்றாந்தாயின் கொடுமையால் கைகளை இழந்த அரசகுமாரி ஞானசவுந்தரியின் கதையைக் கேட்டுக் கண்ணீர் உகுத்த தாய்மார் எத்தனையோ பேர். இக்கதைகளை விருத்தமாகவும் தருவாகவும் வெண்பாவாகவும் கொச்சகமாகவும் புலவர்கள் பாடிவைத்தனர். மாதோட்டப் பாங்கு என்றும் யாழ்ப்பாணப் பாங்கு என்றும் பாடும் முறையும் இருவகைப்பட்டது. மட்டக்களப்புக் கூத்திலே ஆட்டம் ஓங்கி நிற்கும். மன்னார்க் கூத்திலே பாட்டு ஓங்கி நிற்கும். விடியவிடிய ஆடும் நீண்ட நாடகத்தைவிடச் சுருங்கியதாய் 'வாசகப்பா' என்றொரு வடிவமும் இங்கே வளர்ந்தது.

சைவக் குடும்பத்திற் பிறந்தவர் இதனைப் பிறர் பொருள் என்று ஒதுக்குவதற்கு நியாயம் இல்லை. கதையின் சமயம் எதுவாயினும், அதைச் சுமந்து நிற்கும் மெட்டும் மத்தளமும் தமிழ் பேசும் எல்லோர்க்கும் பொதுவான முதுசொம் அன்றோ?

கூத்துப் பழகும் முறையை நோக்கினால் யப்பானியப் பயிற்சியை நாம் புதிதாக வியக்க வேண்டியதில்லை. அண்ணாவியார் ஆளுக்கேற்ற பாத்திரம் பகிர்ந்து கொடுப்பார். எழுத்தறியாதவனும் அவர் பாடக் கேட்டு, திரும்பப் பாடி, மாதக்கணக்கில் இரவுதோறும் பழகி, நூற்றுக்கணக்கான பாட்டுகளை நெஞ்சில் நிறுத்திக்கொள்வான். பகலில் வயலிலும் கடலிலும் பாடுபட்டவன் இரவில் அரசனாகப் பேசுவான். தவறிப் பாடினால் மத்தளம் நிற்கும். மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பொறுமை, நினைவாற்றல், பிறர் குரலுக்கு இடங்கொடுத்தல் என்னும் பண்புகளை அக்களரி கற்பித்தது போல் எந்தப் பாடப்புத்தகம் கற்பிக்கும்?

யப்பான் வழியாகத் திரும்பி வந்த பார்வை

யப்பானிய அரங்குக்கும் நம் கூத்துக்கும் இடையே உண்மையான வரலாற்றுத் தொடர்பொன்றும் உண்டு. அதனை நம் மாணவர் அறிதல் நன்று.

இலங்கைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர, சிங்களக் கிராமிய நாடகங்களை ஆராய்ந்தவர். சிங்களத்துக்குரிய சிறந்த நாடக வடிவம் எதுவென்று அவர் தேடிக்கொண்டிருந்த காலத்தில், 1955இல் யப்பான் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. நோ நாடகத்தையும் கபுகியையும் அங்கே கண்டார். பழைய ஆடல், பாடல், முழவு ஆகியவற்றைக் கொண்டே இக்கால மனிதனின் உள்ளத்தை அசைக்கலாம் என்ற உறுதி அவர்க்குப் பிறந்தது. தாயகம் திரும்பி, யப்பானிய நாடகத்தைப் பார்த்து எழுதாமல், தம் நாட்டு 'நாடகம' வடிவத்தையே கையில் எடுத்தார். 1956ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ற் அரங்கிலே 'மனமே' மேடையேறியது. சிங்கள அரங்கின் வரலாறு அன்றோடு திரும்பியது.

அந்த 'நாடகம' எங்கிருந்து வந்தது? பெயரே சொல்லும். தமிழ்க் கூத்து, சிலாபம், நீர்கொழும்பு முதலிய கத்தோலிக்கக் கரையோரத்தின் வழியே சிங்களத்துக்குச் சென்று உருப்பெற்றதே நாடகம என்பர் ஆராய்ச்சியாளர். அதில் முழங்கும் மத்தளத்தைச் சிங்கள மக்கள் 'தெமள பெரய', அதாவது தமிழ் முழவு, என்றே அழைத்தனர். நம் மூவிராசாக்கள் கதையும் 'ராஜ துன் கட்டுவ' என்ற பெயரில் அம்மொழியில் ஆடப்பட்டது.

'மனமே' பெற்ற வெற்றி தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தனுக்கும் ஊக்கமளித்தது. பேராதனைத் தமிழ் மாணவரைக் கொண்டு அவர் 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்', 'வாலிவதை' (1968) முதலிய கூத்துகளைப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றினார். படித்தவர் இழிவாகக் கருதிய கூத்தைப் படித்தவரே ஆடும் காலம் வந்தது. அதனோடு அமையாது, மன்னார்ப் பக்கத்து ஏடுகளையும் தேடி அச்சிட்டார். 'மன்னார் நாட்டுப் பாடல்கள்' 1964இல் வெளிவந்தது. அதே ஆண்டில் 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்', 1966இல் 'மூவிராசாக்கள் நாடகம்', 1967இல் 'ஞானசவுந்தரி நாடகம்' ஆகியவை அவர் பதிப்பில் நூலாயின.

யப்பானிய மொழியும் தமிழும் உறவுடையன என்று பேராசிரியர் சுசுமு ஓனோ கூறிய கொள்கையை அறிந்தோர் பலர். மொழியியலார் பெரும்பாலோர் அதை ஏற்றிலர். அவ்வழக்குத் தீராவிட்டாலும் நமக்குக் குறையில்லை. யப்பானிய அரங்கைக் கண்ட ஒருவர் தம் வீட்டுக் கலையின் மதிப்பை உணர்ந்தார். அவ்வுணர்ச்சி சுற்றிவந்து நம் கூத்துக்கும் வாழ்வளித்தது. இந்த உறவு ஐயத்துக்கு இடமில்லாதது.

அச்சில் ஏறியதும் ஏறாததும்

நூல்கள் வந்துவிட்டன, இனிக் கவலையில்லை என்று கூறலாமா? கூறமுடியாது. அச்சில் ஏறியது சொல் மாத்திரமே. ஒரு விருத்தத்தை எந்த இடத்தில் இழுத்து எந்த இடத்தில் நிறுத்துவது, தரு முடியும்போது மத்தளம் எவ்வாறு தீர்மானம் வைப்பது, அரசன் வரவுக்கும் கட்டியகாரன் வரவுக்கும் நடை எவ்வாறு மாறும் என்பனவெல்லாம் அண்ணாவியாரின் தொண்டையிலும் விரல்களிலும் இருப்பவை. அவர் மறைந்தால் நூல் ஊமையாகிவிடும்.

நம் பகுதி பட்ட பாட்டையும் மறத்தலாகாது. 1990இன் பின் இக்கரை கண்ட இடப்பெயர்வுகள் பல. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தக் காலத்திலே உயிலங்குளம் என்றால் வெளியூராருக்கு நினைவில் வந்தது, வீதியை மறித்து நின்ற சோதனைச் சாவடிதான். 2007, 2008ஆம் ஆண்டுகளிலோ மாந்தைப் பக்கத்துக் கிராமங்கள் வெறுமையாயின. உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடுபவன் மூட்டையிலே கூத்துக் கொப்பிக்கு இடமேது? ஊர் கூடினாலன்றிக் கூத்தில்லை. ஊரே சிதறிய காலத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மத்தள ஓசையைக் கேளாமலே வளர்ந்தனர். அறுந்த அந்த இடத்தை முடிந்து தொடுப்பதற்கு இன்னும் சில முதியவர்களே நமக்கு மீதியாக உள்ளனர்.

மற்றொரு முரண்பாட்டையும் ஆசிரியன் என்ற முறையிற் சுட்டவேண்டும். நம் பாடசாலைகளில் 'நாடகமும் அரங்கியலும்' என்பது ஒரு பாடம். கூத்தின் வகைகளையும் உறுப்புகளையும் மாணவர் மனனஞ்செய்து சிறப்பாக எழுதுகின்றனர், புள்ளியும் பெறுகின்றனர். அவர்களுள் மத்தளத்தின் இரு தலைகளையும் கையால் தொட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்? தமிழ்த்தினப் போட்டிக்கென மேடைக்கேற்பச் சுருக்கிய கூத்தைப் பழகுவோரும் உளர். அது நற்பணியே. ஆனால் போட்டி முடிந்த மறுநாள் உடையோடு பாட்டும் பெட்டிக்குள் போய்விடுகின்றது. வக்கனாய்ப் பிள்ளைகளின் ஆட்டமும் மேடையைக் கண்டதுதான். ஆயினும் மேடையோடு அது முடியவில்லை.

செய்யக்கூடியவை

பெருஞ்செலவின்றி நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, வாரத்தில் ஒரு மாலை. தனிப்பாடக் கொட்டில்களுக்கு வாரத்தில் ஆறு மாலைகளை ஒப்படைக்கும் பெற்றோர், ஒரு மாலையை அண்ணாவியாருக்கு ஒதுக்கலாம். பரீட்சை கெட்டுவிடும் என்று அஞ்சுவோர்க்கு ஒன்று கூறுவேன்: ஒரு முழு நாடகத்தை நெஞ்சில் இருத்திக்கொள்ளும் பிள்ளைக்கு வரலாற்றுப் பாடம் சுமையாகாது.

இரண்டாவது, பதிவு. இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. 1960களிற் பேராசிரியர்கள் ஏடு தேடி ஊரூராய் அலைந்தனர்; இன்று பத்தாம் வகுப்பு மாணவி தன் பாட்டனாரின் குரலைத் திண்ணையிலிருந்தே பதியலாம். அச்சிட்ட நூலைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தத் தருவை எவ்வாறு பாடுவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதியட்டும். பாடியவர் பெயர், ஊர், பதிந்த நாள் ஆகியவற்றையும் குறித்துவைக்கட்டும்.

மூன்றாவது, பெண்பிள்ளைகள். முன்பு கூத்திலே பெண் வேடத்தையும் ஆண்களே தாங்கினர். யப்பானிலும் பல ஊர்களில் விழா முரசு ஆடவர் கைக்கே உரியதாயிருந்தது. இன்று அங்கே பெண்கள் பெருந்தொகையினராய்த் தைக்கோ பயில்கின்றனர். முரசு அதனாற் குறைபடவில்லை. நம் மத்தளமும் குறைபடாது.

நான்காவது, அண்ணாவியாருக்குரிய மதிப்பு. விழா மேடையிற் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவது போதாது. பாடசாலை வாயிலுக்குள் அவரை ஆசிரியராக அழைத்து, அவர் நேரத்துக்கு ஏற்ற ஊதியமும் அளித்தல் வேண்டும். கலைஞன் வயிறு காய்ந்தால் அவன் மகன் அக்கலையின் பக்கமே திரும்பான்.

இவற்றைச் செய்ய அரசாங்கச் சுற்றறிக்கைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. காலபோக அரிவி வெட்டு முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்ததும், நம் கிராமங்களிற் சில வாரங்கள் ஓய்வு கிடைக்கும். அண்ணாவியார் ஒருவர், மத்தளம் ஒன்று, பிள்ளைகள் ஐவர், ஒரு முற்றம். தொடங்குவதற்கு இவ்வளவே போதும். எசாஷியில் ஒரு பாட்டைக் காத்தவர்களிடம் இதனிலும் மிகுதியாக ஒன்றும் இருந்ததில்லை. இவ்வாண்டு ஒரு தரு, அடுத்த ஆண்டு ஒரு காட்சி என்று கற்றாலும், நம் பிள்ளைகள் வளர்ந்து நிற்கும்போது ஒரு நாடகம் அவர்களுடையதாகியிருக்கும். தொடங்காமல் விட்டாலோ, அதே ஆண்டுகளின் முடிவிலே கற்பிப்பதற்கு ஆள் இருக்கமாட்டார்.